பைட் எங்க இருந்தா என்ன? (வாசகர் கேள்வி பதில்)

இந்த வாட்டி வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்கு வந்து நிக்குது. ஃபைல்ல இருக்கிற பைட்டையும் ரேம்ல இருக்கிற பைட்டையும் ஒரே கோட் படிக்குமா, அப்படி படிச்சா எங்க உதைக்கும்னு கேட்டிருக்கீங்க. அதனால பிரிண்டர், வைஃபை கேள்விங்களை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோச்சிக்காதீங்க. புதுசா படிக்கிறவங்களுக்கு மூணு வார்த்தை: பார்சர்னா பைட்டைப் படிச்சி அர்த்தம் பிரிக்கிற கோட். மேலாக்னா ரேம்ல இடம் ஒதுக்கி வாங்கறது. எம்மேப்னா ஃபைலையே மெமரி முகவரியில ஒட்டி வைக்கிறது (மேப் பண்றதுன்னும் சொல்லுவோம்), தொடும்போது கெர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையம், டிஸ்க்ல இருந்து எடுத்துக் குடுக்கும்.

கே: சார், சி லாங்வேஜ்ல ஒரு பைனரி ஃபைல் பார்சர் எழுதிக்கினு இருக்கேன், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். சின்ன ஃபைலை மேலாக் பண்ணி மொத்தமா ரீட் பண்ணிடறேன், பெரிய ஃபைலை எம்மேப் பண்றேன், ஜிசிப்ல சுருக்கின ஃபைலை ரேம்ல பிரிச்சி வச்சிக்கிறேன். இப்ப எல்லா ஃபங்ஷனும் மூணு மூணா நிக்குது, ஒண்ணுல பக் சரி பண்ணா மத்த ரெண்டுல மறந்து போவுது. ஒண்ணாக்க வழி இருக்கா? கைட் கிட்ட கேட்டா ரஸ்ட் லாங்வேஜ்ல எழுதுமான்னு சொல்லிட்டு போயிட்டாரு. (குடியாத்தம் வாசகி)

ப: கைட் சொன்னது தப்பில்லமா, ஆனா சி-லயே முடியும். பார்சருக்கு உண்மையில என்ன தேவைன்னு பாரு. பைட் எங்க ஆரம்பிக்குது, எத்தனை பைட் இருக்கு, அவ்ளோதான். அது மேலாக்ல வந்துச்சா எம்மேப்ல வந்துச்சான்னு அதுக்கு எதுக்குத் தெரியணும்? அதனால பார்சர் ஃபங்ஷன் எல்லாத்துக்கும் ஒரு கான்ஸ்ட் பாயிண்டரும் ஒரு நீளமும் மட்டும் குடு. இந்த மெமரி யாரோடது, வேலை முடிஞ்சதும் யார் விடணும், எப்படி விடணும்ங்கறதை தனியா ஒரு ஸ்ட்ரக்ட்ல வச்சிக்கோ. அதுல விடறதுக்கு ஒரு ஃபங்ஷன் பாயிண்டர் இருக்கட்டும். மேலாக்னா ஃப்ரீ கூப்பிடும், எம்மேப்னா எம்அன்மேப் கூப்பிடும், டெஸ்ட்டுக்காக கோட்லயே எழுதி வச்ச அர்ரேன்னா ஒண்ணும் பண்ணாம சும்மா திரும்பிடும். மூணு மூணா இருந்தது ஒண்ணொண்ணா ஆயிடும், மூணு வழி ஃபைல் திறக்கிற இடத்துல மட்டும்தான் மிஞ்சும்.

ஒரு இடத்துல கவனமா இரு. எம்மேப்புக்கு குடுக்கிற ஆஃப்செட் (ஃபைல்ல எந்த பைட்ல இருந்துங்கற கணக்கு) பேஜ் சைஸோட மடங்கா இருக்கணும். பேஜ்னா கெர்னல் மெமரியைப் பிரிச்சி வைக்கிற கட்டம், எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) மெஷின்ல 4096 பைட். ஃபைல்ல 5000-ஆவது பைட்ல இருந்து வேணும்னா 4096-ல இருந்து மேப் பண்ணி பாயிண்டரை 904 தள்ளி வைக்கணும், ஆனா விடும்போது தள்ளின பாயிண்டரைக் குடுத்தா வேலைக்கு ஆவாது, ஒரிஜினல் முகவரியும் ஒரிஜினல் நீளமும் வேணும். அதனால பார்சர் பாக்கற பாயிண்டர் வேற, விடறதுக்கு வச்சிருக்கிற பாயிண்டர் வேற, ரெண்டையும் அந்த ஸ்ட்ரக்ட்ல வை.

நீளத்தை செக் பண்றதையும் ஒரே ஃபங்ஷன்ல வச்சிடு. ஆஃப்செட்டையும் தேவையான சைஸையும் கூட்டி மொத்த நீளத்தோட ஒப்பிடாத. கெட்டுப்போன ஃபைல்ல ஆஃப்செட் ரொம்ப பெரிய நம்பரா இருந்தா கூட்டல் சுத்தி வந்து சின்ன நம்பரா மாறிடும், செக் பாஸ் ஆயிடும். முதல்ல ஆஃப்செட் மொத்த நீளத்தைத் தாண்டலன்னு பாத்துட்டு, அப்புறம் மொத்தத்துல இருந்து ஆஃப்செட்டைக் கழிச்சி மிச்சம் போதுமான்னு பாரு.

இதையே சில பேர் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் போட்டு ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு விர்ச்சுவல் கால் (எந்த ஃபங்ஷன்னு ஓடும்போது பாத்துக் கூப்பிடறது) வர்ற மாதிரி எழுதுறாங்க, பாக்க அழகா இருக்கும், லூப் உள்ள போனா நொண்டும். பெரிய துண்டா ஒரு தடவை கேட்டு வாங்கிக்கினு அப்புறம் சாதா பாயிண்டர்ல ஓடறதுதான் சரி. சி ப்ளஸ் ப்ளஸ் 20-ல ஸ்பான் இருக்கிறதும் ரஸ்ட்ல ஸ்லைஸ் இருக்கிறதும் இதுக்குத்தான், ரெண்டுமே பாயிண்டரும் நீளமும் சேந்த ஜோடி. ரஸ்ட்ல மெம்மேப்2 க்ரேட்டோட (ரஸ்ட்ல லைப்ரரிக்கு அந்தப் பேர்) எம்மேப் டைப் தானாவே பைட் ஸ்லைஸா மாறிக்கும், வெக்டரும் அப்படியே, அதனால உன் ஃபங்ஷன் ஸ்லைஸ் வாங்கினா போதும். கைட் அதை நெனச்சித்தான் சொல்லியிருப்பாரு.

பெரிய ப்ராஜெக்ட்ல எப்படின்னு பாக்கணும்னா கோட் வெர்ஷன்களைப் பாத்துக்கிற கிட் டூலோட சோர்ஸ் கோடைத் திற. எம்மேப் இல்லாத சிஸ்டத்துக்குன்னு ஒரு பில்ட் ஆப்ஷன் வச்சிருக்காங்க, அதைப் போட்டா எம்மேப்ங்கற பேருலயே அவங்க எழுதின ஒரு ஃபங்ஷன் ஓடும், உள்ள பாத்தா மெமரி ஒதுக்கி ஃபைலை அதுல படிச்சி வைக்குது, அவ்ளோதான். கூப்பிடற கோடுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா பிரைவேட் மேப்பிங் (நாம எழுதறது ஃபைலுக்குப் போவாம நம்ம கிட்டயே நிக்கறது) மட்டும்தான் அதுல நடக்கும், எழுதினது ஃபைலுக்குத் திரும்பிப் போறதை இந்த வித்தையில காட்ட முடியாது இல்ல.

கம்பைலர் கட்டற எல்எல்விஎம் ப்ராஜெக்ட்ல மெமரிபஃபர்னு ஒரு கிளாஸ் இருக்கு, அதோட சி கம்பைலரான கிளாங் சோர்ஸ் ஃபைலைப் படிக்கிறது அது வழியாத்தான். அதுல ஒரு வேடிக்கை. பஃபர் முடியற இடத்துக்கு அடுத்து ஒரு ஜீரோ பைட் இருக்கும்னு வாக்கு குடுத்திருக்காங்க, சோர்ஸை வார்த்தை வார்த்தையா பிரிக்கிற லெக்ஸர் அதை நம்பித்தான் ஓடுது. மேப் பண்ண ஃபைல்ல கடைசி பேஜோட மிச்ச இடத்தை கெர்னல் ஜீரோ போட்டு நிரப்பிடறதால அந்த வாக்கு சும்மாவே நிறைவேறிடும். ஆனா ஃபைல் சைஸ் கரெக்டா 4096-ஓட மடங்கா வந்துடுச்சின்னா? மிச்ச இடமே இல்ல, அடுத்த பைட்டைத் தொட்டா ஆளு காலி. அதனால அந்த மாதிரி ஃபைலை மேப் பண்ணாம ரேம்ல படிச்சி ஜீரோவை அவங்களே போட்டுக்கிறாங்க. வெளிய ஒரே முகம் காட்டணும்னா உள்ள இப்படி யாராவது கஷ்டப்படணும்.

கே: அண்ணா, கம்பெனியில மெஷின் லாக் ஃபைலை எம்மேப் பண்ணி படிக்கிற டூல் ஒண்ணு எழுதி வச்சேன். பகல் பூரா நல்லா ஓடுது, நைட் ஷிஃப்ட்ல மட்டும் பஸ் எர்ரர்னு சொல்லிட்டு சாவுது. ரேம் மாத்திப் பாத்தாச்சு. இன்னா பண்றதுன்னே தெரியல. (ராணிப்பேட்டை வாசகர்)

ப: ரேம் மேல பழி போடாத தம்பி. நைட்ல லாக் ரொட்டேட் (பழைய லாகை ஒதுக்கி வச்சிட்டு புதுசு தொடங்கற வேலை) ஓடுதான்னு பாரு, அதோட செட்டிங்ஸ்ல காப்பிட்ரங்கேட்னு ஒரு வரி இருக்கான்னு பாரு. இருந்தா அதுதான் ஆளு. அது லாகை வேற ஃபைலுக்கு காப்பி பண்ணிட்டு ஒரிஜினலை அதே இடத்துல ஜீரோ சைஸ் ஆக்கிடும். நீ மேப் பண்ணி வச்சிருக்கிற பேஜுக்குப் பின்னாடி இப்ப ஃபைலே இல்ல, அதைத் தொட்டா கெர்னல் சிக்பஸ் சிக்னல் அனுப்பும், நீ பாக்கற பஸ் எர்ரர் அதுதான், டூல் அங்கயே படுத்துக்கும்.

இங்கதான் மேலே சொன்ன ஒரே முகம் கதை உடையுது. நம்ம பக்கம் ஊர்ல சொன்னா சட்டுனு புரியும். சொந்தத் தொட்டியில ரொப்பி வச்ச தண்ணியும் பங்கு கிணத்துத் தண்ணியும் குழாய்ல வரும்போது ஒண்ணுதான், ஆனா பங்கு கிணத்துல நீ மோட்டார் போட்டுக்கினு இருக்கும்போதே பங்காளி இறைச்சி வத்த வச்சிடலாம், உன் வாய்க்கால்ல பாதியில நின்னுடும். மேலாக் பண்ணி படிச்சது தொட்டி, எம்மேப் பங்கு கிணறு. படிக்கிற விதம் ஒண்ணு, உத்தரவாதம் ஒண்ணு இல்ல.

பாதி சுருங்கினா இன்னும் மோசம். ஃபைல் ஒரு பேஜ் நடுவுல முடியற மாதிரி சுருங்கினா, அந்த பேஜோட மிச்சத்துல சத்தமில்லாம ஜீரோதான் வரும், சிக்னலும் வராது. டூல் சாவாம தப்பான ரிப்போர்ட் குடுக்கும், அதைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள தாவு தீந்துடும். பிரைவேட் மேப்பிங் போட்டா தப்பிச்சிடலாம்னு நெனைக்காத, மேப் பண்ணதுக்கு அப்புறம் ஃபைல்ல வர்ற மாத்தம் பிரைவேட்ல தெரியுமா தெரியாதான்னு ஸ்டாண்டர்டே திட்டமா சொல்லல.

உனக்கு வழி ரெண்டு. ரொட்டேட் செட்டிங்ஸ் உன் கையில இருந்தா காப்பிட்ரங்கேட்டை எடுத்துட்டு பேர் மாத்தி புது ஃபைல் தொடங்கற முறைக்கு மாத்து. பேர் மாறினாலும் பழைய ஃபைல் அப்படியே இருக்கும், உன் மேப்பிங்குக்கு ஒண்ணும் ஆவாது, ஆனா லாக் எழுதற ப்ரோக்ராமுக்கு புது ஃபைலைத் திறக்கச் சொல்ல ஒரு சிக்னல் அனுப்ப வேண்டி வரும். உன் கையில இல்லன்னா, வேற ஆள் எழுதிக்கினு இருக்கிற ஃபைலை எம்மேப்பே பண்ணாத, சாதாரணமா ரீட் பண்ணு. குடியாத்தம் பொண்ணுக்கு சொன்ன மாதிரி கோட் இருந்தா இது ஒரே இடத்துல மாத்தற வேலை. சிக்பஸ்ஸுக்கு ஹேண்ட்லர் போட்டு தாவிக் குதிக்கலாம்தான், ஆனா ஹேண்ட்லர் மொத்த ப்ராசஸுக்கும் ஒண்ணு, லைப்ரரிக்குள்ள அதைப் போட்டா கூட ஓடற மத்தவனோடதைக் கெடுப்ப.

இதே மாதிரி ஹெட்டர்ல இருக்கிற நீளத்தை செக் பண்ணிட்டு மறுபடியும் மேப்பிங்ல இருந்தே எடுத்தா நடுவுல அது மாறியிருக்கலாம். ஒரு வாட்டி லோக்கல் வேரியபிளுக்கு எடுத்துக்கோ, செக் பண்ணு, அதையே வச்சிக்கோ. விண்டோஸ்ல இந்தத் தலைவலி கம்மி, மேப் பண்ணி வச்சிருக்கிற ஃபைலை சுருக்க விடாது, சுருக்கப் போறவனுக்குத்தான் எர்ரர் வரும். பென் டிரைவ்ல இருக்கிற ஃபைலை மேப் பண்ணி நடுவுல புடுங்கினா மட்டும் எந்த ஊர்லயும் காப்பாத்த ஆள் இல்ல, ரீட்னா ஒரு எர்ரர் கோட் வந்திருக்கும், மேப்னா ப்ரோக்ராமே போவும்.

கே: ஆற்காடு மக்கன் பேடாவா, ஆம்பூர் பிரியாணியா? (ஆற்காடு வாசகர்)

ப: பிரியாணிக்கு அப்புறம் பேடா. வரிசை மாத்தக் கூடாது.

கே: வணக்கம். காவலூர் அப்சர்வேட்டரிக்கு ஸ்கூல்ல கூட்டிட்டு போனதுல இருந்து வானம் மேல பைத்தியம். இன்டர்நெட்ல கிடைக்கிற ஃபிட்ஸ் படங்களை (வானியல்காரங்க பயன்படுத்தற ஃபைல் ஃபார்மேட்) நானே ஒரு ப்ரோக்ராம் எழுதி படிக்கப் பாக்கறேன். எம்மேப் பண்ணி நேரா நம்பரா எடுத்தா குப்பையா வருது, ஆஃப்செட் குடுத்தா எர்ரர் வருது. (ஆலங்காயம் வாசகர்)

ப: காவலூர்க்காரங்க கேள்வி வந்தா தனி சந்தோஷம். 1986-ல அங்க வச்ச 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப் நம்ம ஜவ்வாது மலையிலதான் இருக்குன்னு வேலூர்லயே நெறைய பேருக்குத் தெரியாது.

குப்பைக்குக் காரணம் பைட் வரிசை. ஃபிட்ஸ் 1981-ல பேப்பரா வந்த ஃபார்மேட், அதுல நம்பர் எல்லாம் பிக் எண்டியன், பெரிய பைட் முன்னாடி. உங்க லேப்டாப் லிட்டில் எண்டியன், தலைகீழா படிக்கும். மேப்பிங்ல இருக்கிற முகவரியை நேரா இன்டிஜர் பாயிண்டரா காஸ்ட் பண்ணாதீங்க, ரெண்டு பைட்டையோ நாலு பைட்டையோ எடுத்து நீங்களே சேத்து நம்பர் ஆக்கற ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதுங்க. வேகம் போயிடும்னு பயப்படாதீங்க, இந்தக் காலத்து கம்பைலர் அதைப் புரிஞ்சிக்கினு ஒண்ணு ரெண்டு இன்ஸ்ட்ரக்ஷனா சுருக்கிடும். காஸ்ட் பண்ற கோட் இன்னொரு விதத்துலயும் வம்பு, மேப்பிங் எப்பவும் பேஜ் எல்லையில தொடங்கும், அங்க ஓடும். அதே டேட்டா ஒரு டார் ஃபைலுக்குள்ளயோ நெட்வொர்க் பாக்கெட்டுக்குள்ளயோ ஒத்தைப்படை இடத்துல உக்காந்திருந்தா அலைன்மென்ட் (நாலு பைட் நம்பர் நாலோட மடங்கான முகவரியில இருக்கணும்ங்கற மாதிரி விதி) தப்பி சில ப்ராசஸர்ல செத்துடும். பைட் பைட்டா எடுக்கிற ஃபங்ஷனுக்கு அந்தக் கவலையே இல்ல.

ஆஃப்செட் எர்ரர் வர்றது ஏன்னா ஃபிட்ஸ் 2880 பைட் கட்டம் கட்டமா போவும், 80 எழுத்து கார்டு 36 சேந்தா ஒரு கட்டம். ஹெட்டர் எத்தனை கட்டமோ அதுக்கப்புறம் டேட்டா. 2880-உம் 4096-உம் ஒத்துப் போவாது, 64 கட்டத்துக்கு ஒரு வாட்டி, அதாவது 184320 பைட்ல தான் ரெண்டும் சேரும். அதனால டேட்டா தொடங்கற இடத்துல இருந்து மேப் பண்ணப் போகாதீங்க, ஜீரோவுல இருந்து மொத்த ஃபைலையும் மேப் பண்ணிட்டு உள்ள தள்ளிப் போங்க. 64 பிட் மெஷின்ல முகவரிக்குப் பஞ்சமில்ல, தொடாத பேஜ் ரேமுக்கு வராது. 2880 வந்து 64-ஆல வகுபடும், அதனால டேட்டா தொடக்கம் அலைன்மென்ட்ல தப்பாது, அந்த விஷயத்துல கட்டம் போட்டவங்க நமக்கு நல்லது பண்ணிட்டாங்க.

பைத்தான்ல ஆஸ்ட்ரோபை வச்சிருக்கீங்கன்னா அது தானாவே மெமரி மேப் பண்ணும். ஆனா பிசீரோ 32768-னு ஹெட்டர்ல இருந்தா, அது சைன் இல்லாத 16 பிட் நம்பரை சைன் உள்ளதா ஸ்டோர் பண்ற தந்திரம், ஒவ்வொரு பிக்ஸலுக்கும் 32768 கூட்டணும், கூட்டினது வைக்க ரேம் வேணும், மேப் பண்ண லாபம் போச்சு.

கே: ஜாவால பைட்பஃபர் வச்சி பெரிய ஃபைல் மேப் பண்ணா 2 ஜிபிக்கு மேல போவ மாட்டேங்குது. (சத்துவாச்சாரி வாசகர்)

ப: அதுல இண்டெக்ஸ் இன்ட், அதான். ஜாவா 22-ல, 2024 மார்ச்ல, மெமரிசெக்மென்ட் முழுசா வந்துடுச்சி, நீளம் லாங். ஹீப்ல இருக்கிற பைட் அர்ரே, வெளிய ஒதுக்கின மெமரி, மேப் பண்ண ஃபைல், எல்லாம் அதே டைப்தான். அரீனாவை (மெமரி எப்ப வரை இருக்கணும்னு பாத்துக்கிற ஆப்ஜெக்ட்) மூடினா மேப்பிங்கும் போவும், மூடினதுக்கு அப்புறம் தொட்டா ஜேவிஎம் சாவாம எக்ஸெப்ஷன் வரும், இது நல்ல ஏற்பாடு.

மாத்தும்போது ரெண்டு இடத்துல வழுக்கும். பைட்பஃபர் சொல்லாம விட்டா பிக் எண்டியன், மெமரிசெக்மென்ட்ல சாதா இன்ட் லேஅவுட் (நம்பரை எப்படிப் படிக்கணும்னு சொல்ற விவரம்) மெஷினோட வரிசை. இன்னொண்ணு, மேப் பண்ண செக்மென்ட்ல ஓடற அதே இன்ட் ரீட், பைட் அர்ரேல இருந்து செஞ்ச செக்மென்ட்ல அலைன்மென்ட் எக்ஸெப்ஷன் அடிக்கும், பைட் அர்ரேக்கு ஒரு பைட் அலைன்மென்ட்தான் உறுதின்னு விதி. அன்அலைன்ட்னு பேர் உள்ள லேஅவுட் இருக்கு, ஃபைல் படிக்கிறதுக்கு எப்பவும் அதையே போடுங்க.

கே: 8 ஜிபி லேப்டாப்ல லாமா சிபிபி ப்ரோக்ராம் வச்சி ஒரு ஏஐ மாடல் ஓட்டறேன். எச்டாப்ல பாத்தா மெமரி கன்னாபின்னான்னு காட்டுது, ஆனா சிஸ்டம் தொங்கல. லீக்கா? (காட்பாடி வாசகர்)

ப: லீக் இல்ல. அது மாடல் ஃபைலை எம்மேப் பண்ணித்தான் திறக்கும். விர்ட்னு காட்டறது மேப் பண்ண ஃபைலும் சேந்த மொத்த முகவரி நீளம், அதுக்கு அர்த்தம் ரொம்ப இல்ல. ரெஸ்னு காட்டறதுல தொட்ட பேஜ் எல்லாம் சேரும், ஆனா ஃபைல்ல இருந்து வந்து மாத்தப்படாத பேஜை கெர்னல் எப்ப வேணா தூக்கிப் போட்டுட்டு மறுபடி டிஸ்க்ல இருந்து எடுத்துக்கும். ப்ராக் ஃபோல்டர்ல உங்க ப்ராசஸ் நம்பருக்குள்ள ஸ்டேட்டஸ் ஃபைலைத் திறந்தா ஃபைலோட பங்கு எவ்ளோ, மேலாக்கோட பங்கு எவ்ளோன்னு தனித்தனியா இருக்கும், ரெண்டாவது ஏறிக்கினே போனா அப்ப வாங்க. மாடல் ரேமை விடப் பெருசா இருந்தா ஓடும், ஆனா மாடல் எழுதற ஒவ்வொரு டோக்கனுக்கும் (வார்த்தைத் துண்டுக்கும்) டிஸ்க் உறுமும்.

கே: எம்மேப் தான் எப்பவும் ஸ்பீடுன்னு யூட்யூப்ல சொல்றாங்களே? (ஆம்பூர் வாசகர்)

ப: எப்பவும் இல்ல. ரீட்ல கெர்னல் கேஷ்ல இருந்து உங்க பஃபருக்கு ஒரு காப்பி செலவு, மேப்ல காப்பி இல்ல, ஆனா புது பேஜ் தொடும்போதெல்லாம் பேஜ் ஃபால்ட் (கெர்னல் குறுக்க வந்து பேஜை எடுத்துக் குடுக்கிற வேலை) செலவு. பெரிய ஃபைலை ஆரம்பத்துல இருந்து கடைசி வரை ஒரே வாட்டி படிக்கணும்னா பெரிய பஃபர் வச்ச ரீட் சளைச்சது இல்ல. அங்கங்க குதிச்சிக் குதிச்சி, தொட்டதையே திரும்பத் தொடறதுன்னா மேப் நல்லது. ரிப்கிரெப் டூல் ஒண்ணு ரெண்டு ஃபைல் தேடச் சொன்னா மேப் பண்ணும், ஃபோல்டர் பூரா தேடச் சொன்னா ரீட்டுக்கு மாறிக்கும், ஆயிரம் குட்டி ஃபைலை மேப் பண்ணி மேப் பண்ணி விடறதே வேலையாயிடும்னு.

டேட்டாபேஸ் ஆளுங்க கிட்ட கேட்டா திட்டுவாங்க. மாங்கோடிபி எம்மேப்பை நம்பி எழுதின பழைய ஸ்டோரேஜ் என்ஜினை 2019-ல 4.2 வெர்ஷன்ல எடுத்தே போட்டாங்க. எஸ்க்யூலைட்ல 2013-ல இருந்து எம்மேப் வசதி இருக்கு, ஆனா சும்மா விட்டா ஆஃப்லதான் இருக்கும். இன்னொரு பக்கம் எல்எம்டிபி டேட்டாபேஸ் முழுக்க எம்மேப் மேலயே நின்னுக்கினு ஜம்முனு ஓடுது. அதனால யூட்யூப்காரர் பேச்சைக் கேக்காம உங்க டேட்டாவுல ரெண்டையும் அளந்து பாருங்க, படிக்கிற கோட் எங்க இருந்து வருதுன்னு கண்டுக்காத மாதிரி எழுதியிருந்தா அளக்கறது அரை மணி நேர வேலை.

கே: அர்டுயினோ ஊனோல ஒரு எழுத்துரு டேபிளை ஃப்ளாஷ்ல வச்சேன். ரேம்ல இருக்கிறதைப் படிக்கிற ஃபங்ஷனுக்கு அதோட பாயிண்டரைக் குடுத்தா கண்டமேனிக்கு வருது. இங்கயும் ஒரே ஃபங்ஷன் முடியாதா? (ஆரணி பாலிடெக்னிக் மாணவர்)

ப: அந்த ஏடிமெகா சிப்ல 32 கேபி ஃப்ளாஷும் 2 கேபி ரேமும் வேற வேற முகவரி உலகம். ஃப்ளாஷ்ல 500-ன்னு ஒரு இடம் இருக்கு, ரேம்லயும் 500-ன்னு ஒரு இடம் இருக்கு, வெறும் பாயிண்டரைப் பாத்தா எதுன்னு தெரியாது. ஃப்ளாஷைப் படிக்க தனி இன்ஸ்ட்ரக்ஷனே இருக்கு, அதான் ப்ரோக்மெம்னு போட்டு வச்சதை பிஜிஎம் ரீட் பைட் வழியா எடுக்கணும்ங்கறது. அந்த சிப்புக்கான கம்பைலர் ஏவிஆர் ஜிசிசில மெம்எக்ஸ்னு 24 பிட் பாயிண்டர் ஒண்ணு இருக்கு தம்பி, மேல் பிட்டைப் பாத்து ரேமா ஃப்ளாஷான்னு அதுவே முடிவு பண்ணிக்கும், ஆனா சி-ல மட்டும்தான், அர்டுயினோ ஸ்கெட்ச் சி ப்ளஸ் ப்ளஸ்ங்கறதால அந்த ஃபங்ஷனை தனி சி ஃபைல்ல போடணும். ஒவ்வொரு பைட்டுக்கும் செலவு கூட. உன் டேபிள் சின்னதுன்னா வேண்டிய எழுத்தை மட்டும் முதல்ல ரேம்ல ஒரு குட்டி பஃபருக்கு எடுத்துட்டு வழக்கமான ஃபங்ஷனுக்குக் குடு.

இஎஸ்பி32 சிப் போட்ட போர்டுக்கு மாறினா இந்தப் பஞ்சாயத்தே இல்ல, அதுல ஃப்ளாஷை 64 கேபி பேஜா முகவரிக்குள்ள மேப் பண்ணிக் காட்டற வசதி சிப்லயே இருக்கு, சாதா பாயிண்டர் போதும்.

கே: காலி ஃபைல் குடுத்தா எம்மேப் எர்ரர் அடிக்குது, ஆனா காலி ஃபைல் வர்றது எங்க வேலையில சகஜம். (வாலாஜா வாசகி)

ப: நீளம் ஜீரோன்னா லினக்ஸ்ல எம்மேப் ஒத்துக்காது, தப்பான ஆர்க்யூமென்ட்னு திருப்பிடும். திறக்கிற இடத்துல சைஸ் பாத்து ஜீரோன்னா மேப் பண்ணாம, ஒண்ணும் விட வேண்டாத ஒரு காலி பஃபரைத் திருப்புங்க, பாயிண்டர் மட்டும் நல்லா வைங்க, எங்கயும் காட்டாத நல் (NULL) பாயிண்டர் வேண்டாம். படிக்கிற கோடுல ஒரு வரியும் மாத்த வேண்டி இருக்காது.